சேப்பாக்கம் தாம்பரம் வந்த கதை

தென்புறநகர் வரலாறு – 23

போன வாரம் குரோம்பேட்டையில் நிறுத்தினோம். 1912-இல் சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனி ஊருக்கே பெயர் கொடுத்ததையும், பல்லாவரம் பக்கம் தோல் பதனிடும் தொழில் பரவியதையும் பார்த்தோம். அங்கே வேலை பார்த்தவர்கள் ஷிப்டு முடிந்ததும் என்ன செய்தார்கள் என்று நான் எழுதவில்லை. சினிமா பார்த்தார்கள், ரேடியோ கேட்டார்கள். கொட்டகைகளுக்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும். இந்த வாரம் ரேடியோ. அதிலும் கிரிக்கெட்டைத் தமிழில் சொன்ன ஒரு குரல்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரான சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் தாம்பரத்துக்காரர் அல்ல. பெயரிலேயே ஊர் இருக்கிறது. இருந்தும் இந்தத் தொடரில் அவருக்கு இடம் ஒதுக்குவதற்குக் காரணம் உண்டு. சேப்பாக்கம் மைதானத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரம்தான். 1931-லேயே பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஐந்து நாள் டெஸ்ட் ஆட்டத்தைப் போய்ப் பார்க்க ரயில் மட்டும் போதுமா? லீவு வேண்டும், டிக்கெட்டுக்குக் காசு வேண்டும், டிக்கெட் வாங்கித் தர ஆள் வேண்டும். இந்த மூன்றும் வாய்த்தவர்கள் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் இருந்த அளவுக்குப் பெருங்களத்தூரில் இல்லை. இங்கே ஆட்டம் வந்தது ரேடியோ வழியாகத்தான்.

தென்புறநகரில் கிரிக்கெட்டே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. 1937-இல் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு வந்தபோது, அங்கிருந்த காட்டுக்குள் மைதானமும் சேர்ந்தே வந்தது. ஆனாலும் பெரிய ஆட்டம் நகரத்தில்தான். 1952 பிப்ரவரியில் இதே சேப்பாக்கத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. இங்கிலாந்தை இன்னிங்ஸும் 8 ரன்களும் வித்தியாசத்தில் வீழ்த்திய ஆட்டம் அது. வினு மன்கட் முதல் இன்னிங்ஸில் 55 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்தார். அந்த அணியில் சென்னைக்காரராக சி.டி. கோபிநாத் ஆடினார். இங்கே தாம்பரத்தில், கல்லூரி மதிலுக்கு உள்ளே இருந்தது ஆங்கிலக் கிரிக்கெட். வெளியே, ஜிஎஸ்டி சாலையில் சைக்கிள் மிதித்துப் போனவர்களுக்கு அந்த ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கு வரவில்லை.

காதுக்கு வந்ததெல்லாம் ஆங்கிலம்தான். இந்திய வானொலிக் கிரிக்கெட்டின் முதல் நட்சத்திரம் பம்பாயின் பாபி தல்யார்கான். 1930-களில் தொடங்கியவர். நாள் முழுக்க மைக்கைத் தன் ஒருவர் கையிலேயே வைத்திருப்பார். இன்னும் இருவரோடு பங்கு போட்டுக்கொள்ளச் சொன்னபோது கோபித்துக்கொண்டு விலகியவர் என்று பெயர் வாங்கினார். சென்னைக்கு பாலு அளகண்ணன் இருந்தார். 1954-55-இல் இந்தூரில் ஹோல்கர் அணியை 46 ரன்களில் வென்று மெட்ராஸுக்கு முதல் ரஞ்சிக் கோப்பையைக் கொண்டுவந்த கேப்டன். பிறகு ஆல் இந்தியா ரேடியோவின் ஆங்கில வர்ணனையாளர் ஆனார். ஆடிய ஆள் பேசுகிறார், ஆட்டம் தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். பெவிலியனிலிருந்து பெவிலியனுக்குப் போன குரல் என்று அதைச் சொல்லலாம்.

பின்னால் அகில இந்திய ஒலிபரப்பில் ஆங்கிலமும் இந்தியும் மாறி மாறி வரத் தொடங்கின. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பார்த்த தமிழ்நாட்டில் இந்தி முறை வந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பெரிய கோபமெல்லாம் இல்லை. டீ குடிக்கப் போவார்கள், அவ்வளவுதான். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு விக்கெட் போயிருக்கும்.

1980-களில் சென்னை வானொலி தமிழில் நேர்முக வர்ணனை தந்தபோது மைக் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம். கூத்தபிரானை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு அவர் வானொலி அண்ணா, மற்றபடி நாடகக்காரர். இன்னொரு வர்ணனையாளரான ராமமூர்த்தியின் பெயரை அந்தக் காலத்து நேயர்கள் இன்றைக்கும் ஜப்பாரோடு சேர்த்தே சொல்வார்கள். அப்துல் ஜப்பாரோ இலங்கை வானொலியில் நாடகங்களில் நடித்துத் தேறியவர். தமிழ்க் கிரிக்கெட் வர்ணனை பெவிலியனில் பிறக்கவில்லை. அது வானொலி நாடகத்தின் ஸ்டூடியோவில் பிறந்து, பிறகு மைதானத்துக்குப் போனது.

சாத்தான்குளம் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்து ஊர்களுக்குச் சென்னையைவிடக் கொழும்பு கிட்டம். கடைக்கும் கணக்குக்குமாகக் கடல் தாண்டிப் போவது அங்கே புதிதல்ல. தமிழ்நாட்டின் தென்கோடியில் ரேடியோவைத் திருப்பினால் திருச்சியைவிட இலங்கை தெளிவாகக் கேட்கும். இலங்கை வானொலியின் தமிழ்ப் பிரிவில் அந்தக் காலத்தில் நாடகம் என்றால் விளையாட்டுக் காரியம் இல்லை. ‘சானா’ என்று எல்லோரும் அழைத்த சண்முகநாதன் போன்றவர்கள் நாடகப் பிரிவைக் கட்டிக் காத்தார்கள். உச்சரிப்பில் ல, ள, ழ மூன்றும் மூன்றாகவே கேட்க வேண்டும். பிரதியை மைக் முன்னால் புரட்டும்போது தாள் சத்தம் வரக் கூடாது. மூச்சு வாங்குவதுகூட பாத்திரத்தின் மூச்சாக இருக்க வேண்டும்.

இந்தப் பயிற்சி கிரிக்கெட்டுக்கு எப்படிப் பயன்பட்டது? வானொலி நாடகக்காரனுக்கு ஒரு விஷயம் எலும்பில் ஊறியிருக்கும். கேட்பவருக்குக் கண் இல்லை. கதவு திறந்ததை அவன் சொன்னால்தான் கதவு இருக்கிறது. ஆட்டத்தை ஆடிப் பழகியவர்களுக்கு இது அடிக்கடி மறந்துபோகும். அவர்கள் “அருமையான ஷாட்” என்பார்கள். எந்தப் பக்கம் போனது, யார் துரத்துகிறார், எல்லைக்கோட்டுக்கு முன்னால் நின்றதா என்று கேட்பவன் தவித்துக்கொண்டிருப்பான்.

நல்ல தமிழ் வர்ணனை முதலில் மேடையைப் போடும். பந்து வீசுபவர் எந்த முனையிலிருந்து வருகிறார், அண்ணா பெவிலியன் முனையா, வாலாஜா சாலை முனையா? எத்தனை பேர் ஸ்லிப்பில்? கவரில் இடைவெளி இருக்கிறதா? அதன்பின் ஓட்டம். பந்து வீச்சாளர் நடக்கிறார், திரும்புகிறார், ஓடி வருகிறார், நடுவரைக் கடக்கிறார். ஓட்டத்தின் வேகம் சொற்களில் ஏறும். மிதவேகத்துக்கு ஒரு தாளம், சுழல் பந்துக்கு வேறு. பந்து முடிந்த பிறகு குரல் இறங்கி எண்ணிக்கைக்கு வரும். ஸ்கோரைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த நிமிடம்தான் ஒருவர் வேலை முடிந்து வந்து ரேடியோவைத் திருப்பியிருப்பார். வானொலியில் வீட்டுக்குள் புதிதாக ஒருவர் நுழைந்துகொண்டே இருக்கிறார். இதை மறந்த வர்ணனையாளரை நேயர்கள் மன்னிப்பதில்லை.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. வினைச்சொல் கடைசியில் வரும் மொழி நம்முடையது. ஆங்கிலத்தில் ஆட்டமிழந்ததை ஒரே வெடிப்பில் சொல்லிவிட்டு விவரத்துக்குப் போகலாம். தமிழில், இன்னார் வீசிய பந்தை, இன்னார் முன்காலில் வந்து ஆட முயன்று, பந்து மட்டையின் விளிம்பில் பட்டு, பின்னால் நின்ற விக்கெட் கீப்பரின் கைகளுக்குள்... இந்த இடத்தில் சேப்பாக்கமே கத்திவிடும். வினை வருவதற்குள் கூட்டம் வாக்கியத்தை முடித்துவிடும். சாதாரண ஆள் அந்தக் கூச்சலோடு போட்டி போட்டுக் கத்துவார். நாடகக்காரருக்கு அங்கே நிறுத்தத் தெரியும். கூட்டத்தின் சத்தத்தை எடுப்பதற்கென்றே வெளிப்புற ஒலிபரப்பில் தனி மைக் உண்டு. அதைக் கொஞ்சம் பேசவிட்டு, அடங்கும்போது “ஆட்டமிழந்தார்” என்று முடிப்பார். மைதானத்திலிருந்து தொலைபேசித் துறையின் கம்பி வழியாக, மெரினா கலங்கரை விளக்கத்துப் பக்கம் இருக்கும் வானொலி நிலையத்துக்குப் போய், அங்கிருந்து டிரான்ஸ்மிட்டருக்குப் போய், தாம்பரத்துக்கு வந்து சேரும் அந்த மௌனத்தில் ஆட்டம் இருந்தது.

ஒரு விக்கெட்டும் விழாத நாள்களில்தான் வர்ணனையாளரின் சரக்கு தெரியும். 1982 பொங்கல் டெஸ்ட்டை நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்துக்கு எதிராக விஸ்வநாத் 222, யஷ்பால் சர்மா 140. ஜனவரி 14, பொங்கல் தினம் முழுக்க இருவரும் ஆடினார்கள், விக்கெட்டே விழவில்லை. களத்தில் இருந்தவர்களுக்கு விஸ்வநாத்தின் கட் ஷாட் போதும். கேட்பவருக்கு ஆறு மணி நேரம் என்ன தருவது? வெயில், காற்று, கடற்கரைப் பக்கமிருந்து மாலையில் வரும் ஈரம், மரங்களின் நிழல் எந்த ஸ்டாண்டைத் தொட்டது, பழைய ஆட்டங்களின் நினைவு. இப்படிப்பட்ட நாளில் தமிழ்க் குரல்கள் சில சமயம் அளவு மீறியதும் உண்டு. அடைமொழிகள் கூடிவிடும். பந்து எல்லைக்கோட்டைத் தொட்டு, பொறுக்கிப் போட்டு, அடுத்த பந்தும் வீசியாகியிருக்கும், இங்கே முதல் பவுண்டரியின் அழகே இன்னும் முடிந்திருக்காது. ஆங்கில வர்ணனை கேட்டுப் பழகியவர்கள் இதைக் கிண்டல் செய்தார்கள். கிண்டலில் நியாயம் இருந்தது. ஆனால் அவர்கள் கேலி செய்த குரலை வைத்துத்தான் பெரும்பாலோர் கிரிக்கெட்டின் விதிகளையே கற்றார்கள். ஃபாலோ ஆன் என்றால் என்ன என்று பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

அந்தக் காலத்து ரேடியோவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். 1980-களின் நடுப்பகுதி வரை ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், தபால் நிலையத்தில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். டிரான்சிஸ்டருக்கு ஓட்டை போட்ட தோல் உறை இருக்கும், அதற்குத் தோள்வார். உறையின் பொத்தான் போனால் ரப்பர் பேண்டு. பேட்டரி இறங்கினால் வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு செஷன் ஓட்டப் பார்ப்பார்கள். மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் செட் உயரத்தில் பலகை மேல் இருக்கும், முதலாளியைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. ஒரு டீயை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதற்கு எழுதாத சட்டம் உண்டு. டெஸ்ட் நாளில் அந்தச் சட்டம் தளரும். கடைக்கு வெளியே சிலேட்டில் ஸ்கோர் எழுதிவைக்கும் கடைகளும் இருந்தன. ரயிலைப் பிடிக்க ஓடுபவர் நின்று படிக்க மாட்டார், ஓட்டத்திலேயே தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு போவார்.

ரயிலுக்குள் நிலைமை வேறு. மின்சாரக் கம்பிக்கு அடியில் ஓடும் வண்டிக்குள் மீடியம் வேவ் இரைச்சல் போடும். ஜன்னலோரத்தில் செட்டைச் சாய்த்துப் பிடித்தால் கொஞ்சம் கேட்கும். கிண்டியில் ஏறியவர் பரங்கிமலையில் இறங்குபவரிடம் “ஸ்கோர் என்ன சார்?” என்று கேட்பதில் முன்பின் அறிமுகமெல்லாம் பார்ப்பதில்லை.

1986 செப்டம்பர் 22, திங்கள்கிழமை. சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஐந்தாம் நாள். ஜெயிக்க இந்தியாவுக்கு 348. அந்த ஆட்டத்தில்தான் டீன் ஜோன்ஸ் சென்னை வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்தார், கபில்தேவ் 119 அடித்து ஃபாலோ ஆனைத் தடுத்தார். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு மேல் கடைசி ஓவர். ஆபீஸ் விட்டுப் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு வண்டிகள் நிரம்பி வழியும் நேரம். கிரெக் மேத்யூஸ் வீசுகிறார். மூன்றாவது பந்தில் சாஸ்திரி ஒரு ரன் எடுத்து ஸ்கோரைச் சமன் செய்கிறார். ஐந்தாவது பந்தில் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ, நடுவர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கிவிட்டார். டெஸ்ட் வரலாற்றிலேயே இரண்டாவது டை. 1960 பிரிஸ்பேனுக்குப் பிறகு அப்படி ஒன்று நடந்ததே இல்லை. அதற்கு அடுத்த ஆண்டு அக்டோபர் 9 அன்று, உலகக் கோப்பையில் அதே ஆஸ்திரேலியாவிடம் அதே மைதானத்தில் இந்தியா ஒரே ஒரு ரன்னில் தோற்றது. கடைசியாக ஆட்டமிழந்தவர் அப்போதும் மணிந்தர் சிங்தான். தென்புறநகரின் ஒரு தலைமுறைக்கே அவர் மேல் தீராத மனத்தாங்கல். பாவம், அவர் பந்து வீசத்தான் அணிக்கு வந்தவர்.

அதற்குள் தொலைக்காட்சி வந்துவிட்டது. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. எண்பதுகளில் தெருவுக்குச் சில வீடுகளிலாவது பெட்டி இருந்தது. வர்ணனையாளரின் பிழைப்பு அதோடு போயிருக்க வேண்டும். ஆனால் டெஸ்ட் நாளில் அந்த வீடுகளில் நடந்தது வேறு. டிவியின் சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு, பக்கத்தில் ரேடியோவைத் தமிழ் வர்ணனைக்குத் திருப்பி வைத்தார்கள். அன்றைய ஒலிபரப்பில் இப்போதுபோல் நொடிக்கணக்கில் தாமதம் கிடையாது. படமும் குரலும் ஏறக்குறைய ஒட்டியே வரும். வர்ணனையாளருக்கு இது ஒரு பரீட்சை. கண்ணால் பார்ப்பவர் முன்னால் கதை விட முடியாது. பந்து லெக் பக்கம் போனதை ஆஃப் என்று சொன்னால் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் பிடித்துவிடுவார். அந்தப் பரீட்சையில் தேறிய குரல்களில் ஜப்பாரின் குரல் ஒன்று. அவர் வேகமாகப் பேசும்போதும் சொல் சிதையாது.

சர்வதேச ஆட்டம் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. இடையில் தமிழ் வர்ணனையைக் காப்பாற்றியது ரஞ்சிக் கோப்பை. 1987-88-இல் வாசுதேவன் தலைமையில் தமிழ்நாடு சேப்பாக்கத்தில் ரயில்வேயை வீழ்த்தி, முப்பத்து மூன்று வருடத்துக்குப் பிறகு இரண்டாம் முறையாகக் கோப்பையை எடுத்தது. அதே 1988-இல் இரானிக் கோப்பை ஆட்டத்தில் வி.பி. சந்திரசேகர் 56 பந்தில் சதம் அடித்தார். இந்தப் பெயர்களெல்லாம் புறநகர்ப் பையன்களுக்குப் பக்கத்துத் தெரு ஆள்போல் ஆனதற்கு உள்ளூர் ஒலிபரப்பு ஒரு காரணம். ஆங்கில, இந்தி ஒலிபரப்புக்கு வி.பி.யும் வாசுவும் முக்கியமில்லை.

தொண்ணூறுகளில் கேபிள் வந்தது, ஆட்டத்தின் உரிமை ஏலத்துக்குப் போனது, தமிழ் வர்ணனை மெல்லச் சுருங்கியது. இது எல்லா ஊரிலும் நடந்த கதை, நீட்ட வேண்டியதில்லை. ஜப்பார் ஓயவில்லை. லண்டனிலிருந்து இயங்கிய ஐ.பி.சி. தமிழ் வானொலியிலும் அவர் குரல் கேட்டது. புலம்பெயர்ந்த யாழ்ப்பாணத்து நேயர்களுக்கு அவர் புதிய ஆள் இல்லை. இலங்கை வானொலி நாள்களின் பழைய குரல். அவர்கள் துடுப்பாட்டம் என்பார்கள், நாம் கிரிக்கெட் என்போம், இரண்டு பக்கத்துக் காதுக்கும் பொருந்திய குரல்கள் அதிகம் இல்லை. ‘காற்று வெளியினிலே’, ‘அழைத்தார் பிரபாகரன்’ என்று நூல்களும் எழுதினார். எழுதும்போதும் அவருடையது பேச்சு நடைதான். 2020 டிசம்பர் 22 அன்று காலமானார். கொரோனா ஆண்டு அது. அஞ்சலி எழுதியவர்களில் பலர் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை.

2017-இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் தொடங்கியதும் தமிழ் வர்ணனை புது உடையில் திரும்பி வந்தது. இப்போது மைக் முன்னால் ஸ்ரீகாந்த், பத்ரிநாத் போன்ற முன்னாள் வீரர்கள் இருக்கிறார்கள். அளகண்ணன் காலத்து வழக்கம் தமிழில் திரும்பியிருக்கிறது. ஆட்ட நுணுக்கம் கூடியிருக்கிறது, சிரிப்பும் கூடியிருக்கிறது. பந்து எங்கே போனது என்று யாரும் சொல்வதில்லை, சொல்லத் தேவையும் இல்லை, திரையில் தெரிகிறது. கண் தெரியாத ஒரு பெரியவர் குரோம்பேட்டையில் என்னிடம் சொன்ன குறை இதுதான்: “நாலுன்னு கத்துறாங்க தம்பி, யார் அடிச்சான்னு சொல்ல மாட்டேங்கிறாங்க.”

அடுத்த வாரம் இதே ரேடியோக்களின் உள்பக்கம். வால்வு செட் காலத்திலிருந்து கேசட் காலம் வரை பல்லாவரத்திலும் தாம்பரத்திலும் இருந்த ரிப்பேர் கடைகள், அங்கே தொழில் கற்ற பையன்கள், அவர்களில் பலர் 1984-இல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்குள் வேலைக்குப் போன விதம்.

(தொடரும்)